கிழக்கே பார்த்து ஓர் அஸ்தமனம்

சூரியன் மறைவதைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போகலாம் என்று சென்னையில் யாரிடமாவது சொன்னால், முதலில் திசையைச் சந்தேகிப்பார்கள், அப்புறம் நம்மை. வங்கக் கடல் கிழக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கடலில் உதிக்கும். மறைவதென்றால் ஊருக்குப் பின்னால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் நடுவில்தான். அஸ்தமனம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கன்னியாகுமரிக்கு ரயில் ஏறுவார்கள். ஜூன் மாதத்தில் அங்கே போனாலும் ஏமாற்றம்தான். அப்போது சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே ஒதுங்கி இறங்குகிறது. குமரிமுனையில் நின்று அந்தத் திசையில் பார்த்தால் தென்படுவது கடல் இல்லை, தரை. ஆகவே கோடை உச்சத்து அஸ்தமனத்துக்கு என்னைக் கேட்டால் காசிமேட்டைத்தான் சொல்வேன். அதற்கான காரணம் மேற்கே இல்லை, கடல் பக்கம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்கள் காசிமேட்டில் சும்மா இருக்கும் நாட்கள் அல்ல. ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. இரண்டு மாதம் கரையில் கிடந்து, பெயின்ட் அடித்து, இன்ஜின் பார்த்து, வலை சீர்செய்து வைத்த விசைப்படகுகள் அன்றிரவே கிளம்பிவிடும். அடுத்த வாரத்தில் முதல் பாடு கரைக்கு வரத் தொடங்குகிறது. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாடை, ஏலக் குரல், தள்ளுவண்டியில் சுண்டல் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்ப வரும். வெறிச்சோடிய குன்றின் மேல் அமைதியாக உட்கார்ந்து சூரியனை வழியனுப்ப நினைப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பத்துப் பேராகப் பேசிக்கொண்டே நடந்து, நடுவில் டீ குடித்து, வானத்தைப் பார்ப்பவர்களுக்குத்தான் இது.

நடையை ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட நிலையம் அது. அங்கிருந்து வடக்கே சூரியநாராயண செட்டித் தெரு வழியாகத் துறைமுகத்தை ஒட்டி வந்தால் நிதான நடையில் அரை மணி நேரம். (சூரியனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தெருப் பெயர் ஊரில் இல்லை.) மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையை அடைந்தால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் வரிசைகள் தெரியும். அரசாங்கக் காகிதங்களில் அவற்றுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். இந்தக் கல் ஏன் இங்கே வந்தது என்பதும் ஒரு நல்ல அறிவியல் பாடம். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் தெருத் தெருவாகக் கடலுக்குக் கரையைக் கொடுத்தன. மெரினாவில் காற்று வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பது ஒருவகையில் வடசென்னைக்குச் சேர வேண்டிய மணலில். காசிமேட்டில் நமக்கு மிஞ்சியது கல்தான். அந்தக் கல்லின் மேல் நின்றால் கிழக்கே தடையில்லாத கடல், மேற்கே முழு ஊர்.

இப்போது திசை. கல்வரிசையின் மேல் நின்று மேற்கே திரும்புங்கள். மார்ச் 21 வாக்கிலும் செப்டம்பர் 23 வாக்கிலும் சூரியன் நேர் மேற்கில், எம்.கே.பி. நகர் பக்கம் இறங்கும். டிசம்பர் 21-ல் இடப்பக்கம் விலகி அயனாவரம் திசையில் இறங்கும். ஜூன் 21-ல் வலப்பக்க எல்லை: கொடுங்கையூரைத் தாண்டி மாதவரம் பக்கம். இரண்டு எல்லைகளுக்கும் இடையே 48 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக ஓராண்டில் சூரியன் நடக்கும் தூரம் ஐந்து முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. மணலியின் புகைபோக்கிகள் இன்னும் வலப்புறம், வடமேற்கில் இருக்கின்றன. ஜூனில் சூரியன் அவற்றை நோக்கி எவ்வளவு நெருங்கினாலும் இரண்டரை முஷ்டி தள்ளியே நின்றுவிடும்.

நின்றுவிடும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் சூரியன் மறையும் இடம் ஒவ்வொரு நாளும் 0.4 டிகிரி வடக்கே நகர்கிறது. சூரிய வட்டின் அகலமே அரை டிகிரிதான் என்பதால், ஒன்றரை நாளுக்குள் தன் முழு அகலத்தையும் கடந்துவிடுகிறது. ஜூன் 11 முதல் ஜூலை 1 வரையிலான 20 நாட்களிலோ அந்த அகல அளவுகூட நகர்வதில்லை. எல்லைக்கு வந்து, தயங்கி, திரும்புகிறது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வரும் விளைவு இது. பார்க்கப் போகிறவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. 21-ம் தேதி மேகம் மூடினால் அடுத்த நாள், அடுத்த வாரம் போனாலும் காட்சி அதேதான்.

கோடை உச்சம் என்கிறீர்களே, கத்திரி முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜூன் 21-ஐக் கோடையின் நடுநாள் என்று கொண்டாடுவது ஐரோப்பியர் வழக்கம். அவர்களுக்கு அன்றுதான் சூரியன் மிக உயரத்தில் நிற்கும். நமக்கு அப்படி இல்லை. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். அந்த நாட்களில்தான் நட்டுவைத்த கம்புக்கு நடுப்பகலில் நிழல் விழாது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி நிழலில்லா நாளைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 பகல் 12.10-க்கு ஒரு மீட்டர் கம்பு நட்டால் 18 சென்டிமீட்டர் நிழல் தெற்குப் பக்கம் விழும். பள்ளியில் படித்ததற்கு மாறாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாம். வெயில் மே கடைசியில் உச்சம் தொடுவதற்குச் சூரியனின் உயரம் மட்டும் காரணம் இல்லை. தரை சூடேற அவகாசம் பிடிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது வறண்ட மேலைக்காற்று அடித்து, கடற்காற்றைக் கரையேற விடாமல் பிற்பகல் வரை தடுத்து வைக்கிறது. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பூமி சூரியனைவிட்டு மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். ஜனவரியைவிட 50 லட்சம் கிலோமீட்டர் அதிகம். வெயிலுக்கும் அந்தத் தூரத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

பஞ்சாங்கமும் ஜூன் 21-ஐப் பொருட்படுத்துவதில்லை. தட்சிணாயனம் ஆடி 1-ல்தான் தொடங்குகிறது, அதாவது ஜூலை 17 வாக்கில். வானத்தில் சூரியன் தெற்கே திரும்புவது ஆனி 7-ஐ ஒட்டி. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்றாக மெல்லத் தலைசுற்றுகிறது. பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவதால் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒத்திருந்தன. அப்போது எழுதிவைத்ததை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கடிகாரக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஜூன் 21 சென்னையில் மிக நீண்ட பகல், சுமார் 12 மணி 54 நிமிடம். டிசம்பர் 21-ஐவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். லண்டனில் இந்த வித்தியாசம் எட்டு மணி நேரத்துக்கு மேல். அன்று இங்கே சூரியன் மறைவது மாலை 6.37-க்கு. மிக நீண்ட பகல் என்றால் மிகத் தாமதமான அஸ்தமனமும் அன்றுதானே என்று தோன்றும். இல்லை. அது ஜூலை இரண்டாம் வார வாக்கில், 6.40-ஐ நெருங்கி நிகழ்கிறது. பூமியின் பாதை சற்று நீள்வட்டம், அச்சோ சாய்வு. இந்த இரண்டும் சேர்ந்து, உண்மையான நடுப்பகல் கடிகாரத்தின்படி நாளுக்குச் சில நொடிகள் பின்தங்குகிறது. பகலின் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் அந்தப் பின்தங்கல் மேலோங்கிவிடுகிறது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக்கூடத்தின் கணக்குப்படி ஓடிய மதராஸ் நேரம் இன்றைய இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால் இருந்தது. அந்தக் கடிகாரத்தில் இதே சூரியன் 6.28-க்கு மறைந்திருக்கும்.

கல்லின் மேல் நிற்பவருக்கு இந்த 6.37 நடைமுறையில் கிடைக்காது. எதிரே 350 மீட்டர் தள்ளி 12 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம் இருந்தால் அது அடிவானத்திலிருந்து 2 டிகிரியை மறைத்துவிடும். சூரியன் 9 நிமிடம் முன்பே மாடிக்குப் பின்னால் போய்விடும். மறையும்போது வட்டம் கொஞ்சம் நசுங்கித் தெரியும், கவனித்திருப்பீர்கள். கீழ் விளிம்பிலிருந்து வரும் ஒளி மேல் விளிம்பினுடையதைவிட அதிகமாக வளைகிறது. அடிவானத்தில் இந்த வளைவு அரை டிகிரிக்குச் சற்று மேல், அதாவது சூரியனின் அகலத்தைவிடக் கூடுதல். திறந்த அடிவானத்தை வட்டின் அடி தொடுவதாக நாம் பார்க்கும் நேரத்தில், காற்று மட்டும் இல்லாவிட்டால், சூரியன் முழுவதும் ஏற்கெனவே கீழே போயிருக்கும். தொட்டதிலிருந்து முழுதும் மறைய நம் ஊரில் 2 நிமிடம் 20 நொடி ஆகும். லண்டனில் அதே நாளில் நான்கு நிமிடத்துக்கு மேல், அங்கே சூரியன் சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இங்கே கிட்டத்தட்டச் செங்குத்து. நமக்கு நீண்ட அந்திப்பொழுது வாய்க்காததன் காரணம் இதுதான். அரட்டையில் கவனம் போனால் காட்சி போய்விடும்.

நிறம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வடசென்னையில் பலமாக உண்டு: ஆலைப் புகைதான் வானத்தைச் சிவப்பாக்குகிறது என்பார்கள். அடிவானச் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிப்பதால் வழியிலேயே நீலம் உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது செம்மஞ்சள். இதற்குப் புகை தேவையே இல்லை. எண்ணூர், மணலிப் புகையிலும் சாலைத் தூசியிலும் உள்ள பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறவிட்டு வானத்தை அழுக்கு மஞ்சளாக மங்கடிக்கின்றன. மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாள்தான் அஸ்தமனம் ஜொலிக்கும்.

துகள்களால் சூரியனின் நிறம் மாறியே போன சம்பவமும் இந்த ஊரில் நடந்திருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27-ல் கிரக்கடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அதன் சாம்பலும் கந்தகத் திவலைகளும் உயர்வானில் மேற்கு நோக்கிப் பறந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உலகையே சுற்றிவந்தன. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னைக்காரர்கள் அடிவானத்தருகே பச்சைச் சூரியனைப் பார்த்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பு, இன்றைய ஜார்ஜ் டவுனில் இருந்த காலம் அது. நாம் நிற்கும் கல்லிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித் அந்தச் சூரியனை நிறமாலைமானி வழியே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தை உருவாக்கியவரும் அவரே. துகள்கள் ஒரே அளவில், ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய பருமனில் அமைந்துவிட்டால் வழக்கத்துக்கு மாறாகச் சிவப்பை அதிகம் பறித்துவிடும். நீலமும் பச்சையும் தப்பித்து வரும். அப்படிப்பட்ட ஒழுங்கான துகள் கூட்டம் அபூர்வம். ஆலைப் புகையில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, சூரியன் மாடிக்குப் பின்னால் போய்விட்டது. மேற்கே பார்த்தவர்கள் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அப்போதுதான் கிழக்கே திரும்ப வேண்டும்.

முதலில் ஒன்றும் தெரியாது. கடலும் வானமும் ஒரே சாம்பல். மணி 6.43 ஆகும்போது, கடலும் வானமும் சேரும் கோட்டை ஒட்டிச் சற்றுத் தென்கிழக்கே ஒரு மங்கல் பட்டை தெரியத் தொடங்கும். நீலமும் சாம்பலும் கலந்த, ஈயத் தகடு நிறம். மழை மேகம் என்றுதான் தோன்றும். ஆனால் அதன் மேல் விளிம்பு மேகத்தைப்போல் பிசிறாக இல்லாமல் ஒரே சீராக ஓடும். இரண்டு பக்கமும் மெல்லத் தாழ்ந்து கடலோடு சேரும். அதன் மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை, மூன்று விரல், நான்கு விரல் அகலத்துக்கு. அதற்கும் மேலே வெளிர் நீலம். திரும்பிக்கொண்டிருக்கும் படகின் வெள்ளைப் பக்கத்தில்கூட அந்த இளஞ்சிவப்பு ஒட்டியிருக்கும். கண்ணெடுக்காமல் பார்த்தால் ஈயப்பட்டை மேலே ஏறுவதும் ரோஜாப்பட்டை அதற்கு முன்னால் பின்வாங்குவதும் தெரியும். 6.52 வாக்கில் விளிம்பு கலங்கும். ஏழு மணிக்கு எதுவும் மிச்சமிருக்காது.

அந்த ஈயப்பட்டை பூமியின் நிழல். நாம் நிற்கும் இதே தரை, மாதவரம், ஆவடி, அதற்கு மேற்கே உள்ள மேட்டுநிலம் எல்லாமாகச் சேர்ந்து சூரியனை மறித்து, வங்கக் கடலுக்கு மேலிருக்கும் காற்றில் போடும் நிழல். அதற்கு மேலே உள்ள காற்றை மட்டும் சூரியனின் கடைசி ஒளி இன்னும் தொடுகிறது. நீண்ட தூரம் காற்றில் வந்து சிவந்துபோன அந்த ஒளி பட்டுத் திரும்பி வருவதுதான் ரோஜா நிறம். மேல்நாட்டார் இதை வீனஸின் இடைக்கச்சை என்கிறார்கள். வெள்ளிக் கோளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே எழும் என்பதால், சூரியன் 24 டிகிரி வடமேற்கில் இறங்கும் ஜூனில் நிழல் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே எழுகிறது. டிசம்பரில் இடம் மாறி, எண்ணூர்ப் பக்கமாக வடகிழக்கில் ஏறும்.

இரவு என்று நாம் சொல்வது இந்த நிழலைத்தான். அந்தமானில், போர்ட் பிளேர் என்ற பெயரில் நமக்குப் பழக்கமான ஸ்ரீ விஜயபுரத்தில், அன்று 5.45-க்கே சூரியன் மறைந்துவிடும். அங்கிருந்து கடலைக் கடந்து நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தில் நிழல் காசிமேட்டை நோக்கி வருகிறது. இருட்டு வானத்திலிருந்து கவிவதாக எழுதுவது கவிஞர் பழக்கம். கீழைக் கடலோரத்தில் அது அடிவானத்திலிருந்து எழுந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த நிழல் நமக்குப் பின்னும் விண்வெளியில் கூம்பாகச் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீள்கிறது. நிலா இருப்பது 3.84 லட்சம் கிலோமீட்டரில். பௌர்ணமியன்று நிலா இதற்குள் அகப்பட்டால் அது சந்திர கிரகணம். நிலாவை மறைப்பது பூமியின் நிழல்தான் என்று 5-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆரியபட்டர் எழுதிவைத்தார். கிரகணத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே நிழலைக் காசிமேட்டில் தெளிவான எந்த மாலையிலும் பார்க்கலாம்.

மேற்குக் கரையில் இந்த வசதி இல்லை. மும்பையிலும் கொச்சியிலும் அஸ்தமனம் கடலில் விழும், ஆனால் நிழல் எழ வேண்டிய கிழக்கில் கட்டடமோ மலையோ மறைக்கும். இங்கே அடிவானம் சுத்தமாகக் கடல். போதாக்குறைக்கு ஜூன் மாலையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து அடித்து ஊரின் தூசியை உள்நாட்டுப் பக்கம் தள்ளிவிடுகிறது. அதே கடற்காற்றுதான் உள்ளே போய் மேலைக்காற்றோடு மோதி இடிமேகங்களைக் கிளப்புகிறது. அதனால் ஜூனில் மேற்கு வானம் பல நாள் கெட்டுப்போகும். அப்போதும் கிழக்கு திறந்தே இருக்கலாம். மேகங்களின் இடுக்கு வழியாக வரும் கதிர்கள் தலைக்கு மேலாகக் கடந்து, கிழக்கே கடலில் ஒரே புள்ளியில் போய்க் குவிவதுபோலத் தெரிந்தால் அது கூடுதல் அதிர்ஷ்டம்.

போலராய்டு கூலிங் கிளாஸ் வைத்திருப்பவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அதை வாங்கிக் கண்முன் பிடித்து, உச்சி வானத்தைப் பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் வானம் கருக்கும், ஒரு நிலையில் வெளுக்கும். சிதறிய ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் வரும் வித்தை அது. சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பகுதியில் அது உச்சம். சூரியனுக்கு எதிர்ப்புறம், பூமி நிழலுக்குச் சற்று மேலே, இந்தக் குணம் அற்றுப்போகும் ஒரு புள்ளி இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் அரகோ அதைக் கண்டுபிடித்தார். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு முழுமையான கணக்கு நூறாண்டுக்கும் மேல் கிடைக்கவில்லை. ஒளி ஒருமுறை அல்ல, பலமுறை சிதறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு அதை முடித்துக் கொடுத்தவர், மெரினாவுக்கு எதிரே மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.சந்திரசேகர். நோபல் பரிசு பெற்ற விண்மீன் ஆய்வுக்கு அவரைத் தெரிந்தவர்கள் பலர். மாலை வானத்தின் கணக்கையும் அவர்தான் தீர்த்தார் என்பது நம்மூரில் அதிகம் பேசப்படுவதில்லை. பேச வேண்டும்.

இந்த நடைக்குக் கூட்டமாகப் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நேரத்தில் ஒருவரால் இரண்டு திசையையும் பார்க்க முடியாது. பாதிப் பேர் மேற்கே நிற்கட்டும், பாதிப் பேர் கிழக்கே. சூரியன் போனதும் இவர்கள் அவர்களைக் கூப்பிடட்டும். சூரியன் கண் கூசும் அளவு பிரகாசமாக இருக்கும்வரை நேராகப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள். கற்கள் பாசி பிடித்து வழுக்கும். செருப்பை நம்பாமல் கரையோரத்திலேயே நின்றாலும் நிழல் நன்றாகத் தெரியும். ஏலக்கூடமும் படகுத்துறையும் வேலை நடக்கும் இடங்கள், அங்கே போய்க் குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாது. சாலையைக் கடப்பதற்கே பத்து நிமிடம் ஒதுக்கி, 6.15-க்குள் கடல் பக்கம் போய்ச் சேருங்கள். ஜூலை நடுப்பகுதி வரை இதே நேரக் கணக்கு இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தில் செல்லும்.